ஏரிக்கரையில் இருவர்: தமிழ்நாட்டில் குளிர்காலப் பறவைகளைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு ஏரிகளுக்கு வலசைப் பறவைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். சேற்றோரத்தில் இரை தேடும் உள்ளான்கள் முந்திக்கொள்ளும். வாத்துகளின் பெருங்கூட்டம் ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகுதான் சேரும். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். முதல்முறை போகிறவர்களுக்குத் தை மாதம் ஏற்றது, அதாவது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும், ஓரத்தில் சேறு தெரியும். ஆண் வாத்துகளும் மங்கலான இறகுகளை உதிர்த்துப் பளிச்சென்று மாறியிருக்கும். அடையாளம் காணும் வேலை அதிலேயே பாதி குறைந்துவிடும்.

தனியாகவும் போகலாம். இருவராகப் போனால் ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் எழுதலாம், எண்ணலாம், களக் கையேட்டைப் புரட்டலாம். ஆனால் பலர் இந்த லாபத்தைக் கரையேறிய பத்தே நிமிடத்தில் தொலைத்துவிடுகிறார்கள். ஓர் உள்ளானைப் பார்த்து ஒருவர் "பச்சைக்காலி" என்று சொல்லிவிடுவார். அடுத்த நொடியே மற்றவர் கண்ணுக்கும் அது பச்சைக்காலியாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு அங்கே பார்ப்பது ஒரே ஒரு ஜோடிக் கண்தான். கீழே சொல்லியிருக்கும் முறைகளில் பல, இருவர் பார்வையையும் கடைசிவரை தனித்தனியாக வைத்திருப்பதற்கானவை.

எந்த ஏரிக்குப் போவது

நாட்காட்டியைவிடத் தண்ணீர் மட்டம் முக்கியம். கலுங்கு (உபரிநீர் வெளியேறும் இடம்) வழியத் தண்ணீர் நிற்கும் ஏரியில் நாமக்கோழியும் நீர்க்காகமும் சில வாத்துகளும் இருக்கும். உள்ளான் ஒன்றுகூட இருக்காது, ஏனென்றால் அதற்கு நிற்க இடமில்லை. கொசு உள்ளானால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இரை தேட முடியும். நெடுங்கால் உள்ளானுக்கே அரையடித் தண்ணீர் தாண்டினால் சிரமம். பாதி அளவுக்கு இறங்கிய ஏரிதான் தேட வேண்டியது: நடுவில் வாத்துக்குத் தண்ணீர், ஓரத்தில் உள்ளானுக்குச் சேறு. ஆகாயத்தாமரை மூடிய ஏரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே தாழைக்கோழியும் இலைக்கோழியும் கிடைக்கும், அதைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்க முடியாது.

மட்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது? செயற்கைக்கோள் படத்தை நம்பாதீர்கள். அது எந்த மாதத்தில் எடுத்தது என்பது பெரும்பாலும் தெரியாது. பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பட்டியலாகப் பதிவிடும் ஈபேர்ட் தளத்தில் அந்த ஏரிக்குப் பதிவான கடந்த பத்து நாள் பட்டியல்களைத் திறந்து பாருங்கள். சேற்றோரப் பறவைகளான பொரி உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும் இருந்தால் சேறு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். பட்டியலே இல்லாத ஊர் ஏரி என்றால் அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பவரிடம் "மதகு திறந்துட்டாங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பெயர்பெற்ற சரணாலயங்களைப் பற்றி ஒரு குறிப்பு. வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா போன்றவற்றை வெளிநாட்டுப் பறவைகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள். மழைக்குப் பிறகு கூடு கட்ட அங்கே கூடுகின்றன. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே கூடு கட்டுவதில்லை, இரை தேடி உடம்பைத் தேற்ற வருகின்றன. ஆகவே கூடுகளைப் பார்க்க வேடந்தாங்கல், வாத்துகளைப் பார்க்கப் பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலி என்று பிரித்துக்கொள்வது நல்லது. தெற்கே கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளை எதிர்பார்க்கலாம். டெல்டாவில் வடுவூர் ஏரி வாத்துகளுக்குப் பெயர்போனது. பூநாரைக்கும் கடலோர உள்ளான்களுக்கும் கோடியக்கரை, பழவேற்காடு. சரணாலயம் என்றால் நுழையும் நேரத்தையும் அனுமதியையும் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பாசன ஏரி என்றால் அனுமதிச் சிக்கல் குறைவு. ஆனால் மீன் குத்தகை எடுத்தவரிடமோ கரையில் காவல் இருப்பவரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை. அவரே "இன்னிக்கு மூக்கு நீளமா ஒண்ணு வந்திருக்கு" என்று துப்பும் சொல்வார்.

வெயில் எந்தப் பக்கம், சேறு எந்தப் பக்கம்

சூரியனை எதிர்நோக்கி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு. காலையில் ஏரியின் கிழக்கே நின்று மேற்கே பார்க்க வேண்டும், மாலையில் அதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டுச் சமவெளி பொதுவாகக் கிழக்கே சரிவதால், பல ஏரிகளில் மண்கரை கிழக்குப் பக்கமே அமைந்திருக்கும். காலை வெயில் முதுகில் படக் கரைமேல் நிற்பது தானாகவே அமைந்துவிடும்.

ஒரு சிக்கல் இதில் உண்டு. கரையை ஒட்டித்தான் ஏரி ஆழம். சேறும் சதுப்பும் நீர்வரத்து வாய்க்கால் நுழையும் மறுபக்கத்தில், மேற்கே கிடக்கும். கரையிலிருந்து அங்கே உள்ள உள்ளான்கள் புள்ளியாகத்தான் தெரியும். ஆகவே ஒரே ஏரியை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 6.30 முதல் 9 மணிவரை கிழக்குக் கரையில் வாத்துகள். மதியம் ஓய்வு. மாலை 3.30க்கு மேல் மேற்கு ஓரத்துக்குப் போய், வெயிலை முதுகில் வைத்துக் கிழக்கே பார்த்து உள்ளான்கள். ஜனவரியில் ஆறு மணியை ஒட்டி இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் 5.45க்குத் திரும்ப ஆரம்பியுங்கள். ஒரு வேளைதான் நேரம் இருக்கிறது என்றால் காலையை எடுத்துக்கொண்டு உள்ளான்களைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

மார்கழி, தை விடியலில் ஏரிமேல் மூடுபனி படர்ந்திருக்கும். அன்று ஆறரைக்கு எதுவும் தெரியாது; ஏழரைவரை கரையோரப் புதர்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்புங்கள்.

கருவிகள்: இருவருக்கும் சேர்த்து யோசியுங்கள்

ஆளுக்கொரு பைனாகுலர் கட்டாயம். ஒன்றை மாற்றி மாற்றிப் பார்ப்பது, பறவை பறக்கும் நேரத்தில் கை மாறுவதில்தான் முடியும். 8x42 அளவு எல்லாவற்றுக்கும் பொருந்தும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்: 42 வகுத்தல் 8, 5.25 மி.மீ. சின்னதாகக் கைக்குள் அடங்கும் 8x25 என்றால் 3.1 மி.மீ.தான். விடியலில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 10 மடங்கு ஏரிக்கு நல்லதுதான்; ஆனால் அது கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும், பார்க்கும் பரப்பையும் சுருக்கும். இருவர் என்றால் ஒருவர் 8, ஒருவர் 10 வைத்துக்கொள்ளலாம்.

ஏரிக்கு உண்மையில் தேவைப்படும் பெரிய கருவி ஸ்கோப், அதாவது முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி. இருவருக்கும் ஒன்று போதும். 20 முதல் 60 மடங்கு, 65 முதல் 80 மி.மீ. முன்கண்ணாடி. நடைமுறையில் 25, 30 மடங்கில்தான் முக்கால் வேலை நடக்கும். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீரின்மேல் கானல் ஆடத் தொடங்கிவிட்டால் 40ஐத் தாண்டித் திருகுவது வீண். பறவை பெரிதாகும், தெளிவு போய்விடும். முக்காலியின் கால்களை முழுதாக நீட்டாமல் தாழ்த்தி வைத்து, நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் கரைக்காற்றுக்கு ஆடாது.

புதுப் பைனாகுலர் மங்கலாக இருக்கிறது என்று குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் வலக்கண் திருத்தத்தைச் செய்யாதவர்கள். வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

1. இரண்டு குழல்களையும் விரித்து மடக்கி, இரண்டு வட்டம் ஒரே வட்டமாகச் சேரும்படி வையுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் கண்குமிழைக் (கண்ணை வைக்கும் விளிம்பை) கீழே திருகிவிட வேண்டும். இல்லையென்றால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும்.
2. ஐம்பதடி தூரத்தில் எழுத்துள்ள ஒரு பலகையைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள்.
3. இப்போது இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் அருகில் இருக்கும் வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள்.
4. அந்த வளையம் நிற்கும் குறியை நினைவில் வையுங்கள். பையில் உரசி நகர்ந்துவிடும். கரையில் ஏறியதும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக: தொப்பி, காக்கியோ மங்கல் பச்சையோ உடை, கணுக்காலை மூடும் காலணி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சின்ன நோட்டு, பென்சில். பனியில் நனைந்த தாளில் பேனா எழுதாது. கரைப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கும் என்பதால் செருப்பு வேண்டாம். புல் மூடிய சரிவில் கையூன்றி இறங்குவதும் வேண்டாம்.

முந்தைய மாலையில் செய்ய வேண்டியது

ஈபேர்ட் செயலியில் அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பைப் பதிவிறக்கி வையுங்கள். ஏரிக்கரையில் அலைவரிசை கிடைக்காவிட்டாலும் பட்டியல் போடலாம். பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியிலும் இந்தியத் தொகுப்பு இருக்கிறது. மெர்லின் குரலைக் கேட்டுப் பெயர் சொன்னால் அதைத் துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள். கண்ணால் பார்க்கவோ காதால் உறுதிசெய்யவோ முடியவில்லை என்றால் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து, அந்த ஏரியில் வர வாய்ப்புள்ள பத்துப் பதினைந்து இனங்களை மட்டும் கையேட்டில் பாருங்கள். கையேடு முழுவதையும் புரட்டுவது பயன் தராது. ஒவ்வொன்றுக்கும் "எதோடு குழம்பும்?" என்ற ஒரு கேள்வி போதும். நாளைக்கு யார் முதலில் எழுதுவது, யார் ஸ்கோப்பில் நிற்பது என்றும் பேசிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது நல்லது. எப்போதும் ஒருவரே எழுதினால் அவர் எதையும் கற்றுக்கொள்ளாமல் திரும்புவார்.

கரையில் முதல் பத்து நிமிடம்

வண்டியைக் கரைக்குக் கீழே நிறுத்துங்கள். கரைமேல் திடீரென்று தலை தெரிந்தால், அதுவும் வானத்தின் பின்னணியில் தெரிந்தால், அருகிலிருக்கும் வாத்துகள் எழுந்துவிடும். ஒன்று எழுந்தால் நூறு எழும். மேலேற வேண்டிய இடத்தில் ஒரு கருவேல மரமோ மதகுத் தூணோ இருந்தால் அதன் மறைவில் மெதுவாக ஏறி, அங்கேயே நில்லுங்கள். உடனே நடக்காதீர்கள்.

ஒருவர் இடக்கோடியிலிருந்து, மற்றவர் வலக்கோடியிலிருந்து, பைனாகுலரால் தண்ணீர் ஓரத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். நடுவில் சந்தித்ததும் கடந்து மற்ற பாதியையும் பாருங்கள். ஏரி முழுவதும் இரண்டு முறை பார்க்கப்பட்டிருக்கும், இருவராலும் தனித்தனியாக. இந்தச் சுற்றில் பெயர் சொல்லிக்கொள்ள வேண்டாம். எங்கே எவ்வளவு கூட்டம், எது மட்டும் விலகித் தனியாக நிற்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

பறவை உங்களைக் கண்டு அஞ்சுகிறதா என்பது பறப்பதற்கு முன்பே தெரியும். மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தும். வாத்து என்றால் முதுகைக் காட்டி மெல்ல நடுவே நீந்தும். உள்ளான் தலையை மேலும் கீழும் வெட்டும். அங்கே நின்றுவிட வேண்டும், ஓரடிகூட முன்னே போகக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் மேய்ச்சலுக்குத் திரும்பினால் அந்தத் தூரம் அதற்குச் சம்மதம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்கும் பறவையை ஒவ்வொரு முறை எழுப்புவதும் அது சேர்த்ததைச் செலவழிக்க வைப்பது. புகைப்படத்துக்காகச் சேற்றில் இறங்குவது வேண்டவே வேண்டாம். மேலே காய்ந்த பொருக்கு தாங்கும் என்று தோன்றும். கீழே முழங்கால்வரை உள்வாங்கும்.

"அதோ!" என்று சொல்லாதீர்கள்

இருவர் போகும் நடையில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். ஒருவர் விரலை நீட்டுவார், மற்றவர் எங்கே எங்கே என்பார், அதற்குள் பறவை போய்விடும். இடம் சொல்ல ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் அசையாத ஒரு குறி, பிறகு அதிலிருந்து எந்தப் பக்கம், பிறகு எவ்வளவு, கடைசியாகத் தண்ணீரிலா கரையிலா. "கலுங்குக்கு இடப்பக்கம் பட்ட மரம் இருக்கா? அதிலிருந்து வலப்பக்கம் ஒரு முட்டி. தண்ணி ஓரம். தனியா நிக்குது."

முட்டி என்பது கையை நேராக நீட்டி மடக்கிய கைப்பிடியின் அகலம். சுமார் 10 பாகை. ஒரு விரல் சுமார் 2 பாகை. 8 மடங்கு பைனாகுலரில் ஒரே பார்வையில் தெரிவது ஏறத்தாழ 8 பாகை, அதாவது ஒரு முட்டிக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் பழகிவிட்டால் ஐந்து நொடியில் நண்பரின் கண் அங்கே போய்விடும். குறியாக மாட்டையோ கொக்கையோ சொல்லாதீர்கள், அவை நகரும்.

இடத்தைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள். இருவரும் பார்த்தபின் ஆளுக்கு மூன்று விஷயம் நோட்டில் குறியுங்கள்: அலகு, கால் நிறம், முகக்கோடு. பிறகு பெயர். இருவர் குறிப்பும் ஒத்துப்போனால் பட்டியலில் ஏற்றுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் வாதாட வேண்டாம், மறுபடி பறவையைப் பாருங்கள். யாருக்கு அனுபவம் அதிகமோ அவர் கடைசியில் பேசுவது நல்லது.

வாத்துகள்

ஆண்களிலிருந்து தொடங்குங்கள். ஊசிவால் வாத்து: சாக்லெட் நிறத் தலை, கழுத்தோரம் மேலேறும் வெள்ளைக் கோடு, நீண்ட கூரிய வால். தட்டைவாயன்: கரண்டி போல் அகன்ற அலகு, கரும்பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செம்பழுப்பு விலா. நீலச்சிறகி: பழுப்புத் தலையில் கண்ணுக்கு மேலிருந்து பிடரிவரை வளைந்து இறங்கும் அகன்ற வெள்ளைப் புருவம். நீலச்சிறகி ஆண் மங்கல் இறகைக் களைவதில் மிகத் தாமதம். டிசம்பரில் பார்க்கும் கூட்டத்தில் ஆணும் பெட்டை போலவே இருக்கும். "புருவம் எதுவும் இல்லையே, ஆகவே நீலச்சிறகி இல்லை" என்று தள்ளிவிடாதீர்கள். பறக்கும்போது முன்சிறகின் வெளிர்நீலச் சாம்பல் காட்டிக்கொடுக்கும்.

பெட்டைகள் எல்லாம் பழுப்பு. உடலின் புள்ளிகளில் நேரத்தைச் செலவிடாமல் தலையையும் அலகையும் பாருங்கள். தட்டைவாயன் பெட்டைக்கும் அதே கரண்டி அலகுதான், ஓரம் ஆரஞ்சு. ஊசிவால் பெட்டைக்குக் கோடில்லாத வெறும் பழுப்பு முகம், சாம்பல் கலந்த கறுத்த அலகு, மெல்லிய நீண்ட கழுத்து. நீலச்சிறகிப் பெட்டையின் முகத்தில் கருங்கோடுகளும் அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டும் இருக்கும். இவற்றோடு ஆண்டு முழுதும் இங்கேயே இருக்கும் புள்ளிமூக்கு வாத்தும் கலந்து நிற்கும். கறுத்த அலகின் நுனி மஞ்சளாக இருந்தால் அதுதான்.

காலை ஏழு மணிக்கு வாத்துகள் தலையை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தால் சலிக்காதீர்கள். பல வாத்துகள் இரவில்தான் அதிகம் மேயும். ஒருவர் ஸ்கோப்பை ஒரு கூட்டத்தின்மேல் வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தால் பாதித் தலைகள் ஒருமுறையாவது வெளியே வரும்.

உள்ளான்கள்

இங்கேதான் பலர் கையேட்டை மூடிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் எல்லாம் சாம்பலும் பழுப்புமாக ஒன்றுபோலத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு மூன்று படியாகப் போங்கள்.

முதல் படி, அளவு. தொலைவில் தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கண் தப்பாகவே சொல்லும். ஏரியில் எப்போதும் இருக்கும் ஒன்றோடு ஒப்பிடுங்கள். நெடுங்கால் உள்ளான் அதற்கு ஏற்றது: இளஞ்சிவப்புக் காலும் கறுப்பு வெள்ளை உடலும் கொண்ட அதைத் தவறவிட முடியாது. அதன் அருகில் சிட்டுக்குருவி அளவில் ஓடித்திரிவது கொசு உள்ளான். இரண்டுக்கும் நடுவில் பொரி உள்ளான். பேதை உள்ளான் மட்டும் இந்த அளவுகோலைக் கெடுக்கும். அதில் ஆண் பெட்டையைவிடக் கணிசமாகப் பெரிது, ஒரே கூட்டத்தில் இரண்டு இனம் நிற்பதுபோல் தோன்றும்.

இரண்டாவது படி, மேயும் விதம். உப்புக்கொத்திகள் ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். கொசு உள்ளான் நிற்கவே நிற்காது, குத்திக்கொண்டே ஓடும். கருவால் மூக்கன் ஒரே இடத்தில் நின்று அலகை அடிவரை சேற்றில் இறக்கும். பச்சைக்காலி சின்ன மீனைத் துரத்தித் தண்ணீரில் ஓடும். பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, பெரும்பாலும் தனியாக, மதகுக் கல்லோரத்தில் திரிவது சாதா உள்ளான். அதன் தோள்முன் வெள்ளை மார்பு ஓர் ஆப்பு போல மேலேறியிருக்கும்.

மூன்றாவதாகத்தான் அலகும் காலும். குழப்பம் தரும் சில ஜோடிகள்:

பொரி உள்ளானும் பச்சை உள்ளானும். முதலாவதற்கு வெண்புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னே நீளும், முதுகில் தெளிவான பொரி, கால் மஞ்சள் சாயல். இரண்டாவது இருண்டது, புருவம் கண்ணோடு நின்றுவிடும். பறந்தால் சந்தேகமே இருக்காது: பச்சை உள்ளானின் சிறகின் அடிப்பக்கம் கருமை, இடுப்பு பளீர் வெள்ளை.

பச்சைக்காலியும் சதுப்பு உள்ளானும். இரண்டுக்கும் பச்சைச் சாயல் கால், வெண்மையான அடிப்பகுதி. அலகைப் பாருங்கள்: சதுப்பு உள்ளானுக்கு ஊசி போல நேராக மெலிந்தது, பச்சைக்காலிக்குத் தடித்து, நுனி லேசாக மேல்நோக்கியது. பச்சைக்காலி உடலிலும் பெரிது. மூன்று முறை "த்யூ த்யூ த்யூ" என்று உரக்கக் கூவிக்கொண்டு எழுந்தால் பச்சைக்காலிதான்.

கொசு உள்ளானும் தெமிங்கின் கொசு உள்ளானும். முன்னதற்குக் கறுப்புக் கால், பின்னதற்கு மஞ்சள் சாயல். ஆனால் சேறு அப்பிய கால் எல்லாமே கறுப்பு. கால் தண்ணீரில் நனைந்து வெளிவரும் நொடிக்குக் காத்திருங்கள்.

பட்டாணி உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், மார்பில் முழுப் பட்டை. பட்டை நடுவில் அறுந்து இரு பக்கமும் துண்டாக நின்று, காலும் கருத்திருந்தால் அது வேறு உப்புக்கொத்தி.

திடீரென்று ஏரி முழுவதும் எழுந்தால் தலையை நிமிர்த்துங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழப் பறந்து வந்திருக்கும். ஒருவர் பருந்தைப் பார்க்கட்டும், மற்றவர் கூட்டத்தைப் பார்க்கட்டும். பறக்கும்போதுதான் சிறகின் உண்மை வெளியே வரும்: பவளக்காலிக்குச் சிறகின் பின்னோரம் அகன்ற வெள்ளை, கருவால் மூக்கனுக்குச் சிறகில் வெள்ளைப் பட்டையும் கறுத்த வாலும், பச்சைக்காலிக்கு முதுகுவரை ஏறும் வெள்ளை ஆப்பு.

எண்ணுவது

ஐம்பதுவரை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேல் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பதித்து, அதே அளவால் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் பத்துக்குப் பதில் நூறு. கூட்டத்தின் நடுவில் அடர்த்தியும் ஓரத்தில் தளர்வும் இருக்கும்; ஓரத்தில் எடுத்த அளவால் நடுவை அளந்தால் எண்ணிக்கை பாதியாகிவிடும். புதியவர்களிடம் தொகை குறைந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இருவரும் தனித்தனியாக எண்ணி, சொல்லாமல் எழுதி, பிறகு காட்டிக்கொள்ளுங்கள். 400, 460 என்றால் பரவாயில்லை, நடுவில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 400, 900 என்றால் இருவரில் ஒருவர் வேறு கூட்டத்தை எண்ணியிருக்கிறார். எல்லை எது என்று பேசிவிட்டு மறுபடி எண்ணுங்கள். கலப்புக் கூட்டத்தில் முதலில் மொத்தம், பிறகு ஸ்கோப்பில் ஏதேனும் நூறை எடுத்து அதில் எந்த இனம் எத்தனை என்று பார்த்து விகிதத்தால் பிரியுங்கள். இதை இரண்டு மூன்று இடங்களில் செய்ய வேண்டும், ஏனென்றால் ஊசிவால் வாத்துகள் ஒரு பக்கமாகவே ஒதுங்கும்.

பட்டியல் போடுவது

ஈபேர்ட்டில் ஒருவர் மட்டும் பட்டியலைத் திறக்கட்டும், பார்வையாளர் எண்ணிக்கை 2. ஒரே இடத்தில் நின்றால் நிலையான பட்டியல், நடந்தால் பயணப் பட்டியல். போன வழியிலேயே திரும்பினால் தூரத்தை ஒரு வழிக்கு மட்டும் கணக்கிடுங்கள், திரும்பும்போது அதே பறவைகளை மறுபடி கூட்டாதீர்கள். ஏரி முடிந்து வயலுக்குள் போனால் புதுப் பட்டியல் தொடங்குங்கள். நான்கு மணி நேரம் நீளும் ஒரே பட்டியலைவிட அரை மணி, முக்கால் மணிப் பட்டியல்கள் நான்கு ஆய்வுக்கு உதவும்.

"கண்ட, கேட்ட, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் சேர்த்திருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல வேண்டுமானால் காகத்தையும் மைனாவையும் விடக் கூடாது. அடையாளம் தெரியாத வாத்துக்கு 'இனம் தெரியாத வாத்து' என்று போட வழி இருக்கிறது. ஊகித்துப் பெயர் போடுவதைவிட அது மேல். முடிந்ததும் பட்டியலை நண்பருக்குப் பகிருங்கள். அவர் ஏற்றபின் தான் பார்க்காத இனத்தைத் தன் பிரதியிலிருந்து நீக்கலாம். இருவரும் வெவ்வேறு கரையில் பிரிந்து போனால் பகிரக் கூடாது, தனித்தனிப் பட்டியல்தான்.

காலிலோ கழுத்திலோ ஆய்வாளர்கள் அடையாளத்துக்குக் கட்டிய வண்ணப் பட்டையோ வளையமோ தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். எந்தக் கால், முழங்கால் போன்ற மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று ஒருவர் ஸ்கோப்பில் வாசிக்க மற்றவர் எழுதட்டும். பிறகு இடம் மாற்றி, எழுதியதைக் காட்டாமல், மறுபடி வாசியுங்கள். வரித்தலை வாத்துகளுக்கு மங்கோலியாவில் கழுத்துப் பட்டை கட்டியிருக்கிறார்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாக உள்ளான்களுக்கு வளையமிட்டு வருகிறது. ஓரெழுத்து தப்பினாலும் பதிவு வேறொரு பறவையின் கணக்கில் போய்ச் சேரும்.

கரையோரப் புதரை மறக்காதீர்கள்

தண்ணீரிலேயே கண்ணாக இருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத் தவறவிடுவார்கள். சீமைக்கருவேல நுனியில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டிய பழுப்புக் கீச்சான், மின்கம்பியில் செம்பழுப்புத் தொண்டையோடு தகைவிலான், வாய்க்கால் ஓரத்தில் மஞ்சள் வாலாட்டி, எல்லாம் குளிர்கால விருந்தாளிகள்தான். மாலையில் தோப்பு ஓரம் திரும்பும்போது ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை கேட்கலாம். குரலை ஒலிபரப்பி வரவழைக்காதீர்கள். ஆந்தையின் பொந்தோ கூடோ கண்டால் சரியான இடத்தைப் பொதுவில் பகிராதீர்கள்.

வீடு திரும்பியபின்

அன்றிரவே இருவர் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு நாள் கழிந்தால் கையெழுத்தே புரியாது. சந்தேகமான பறவைக்குப் படம் இருந்தால் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். அசாதாரணமான எண்ணிக்கைக்கு எப்படி எண்ணினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், ஈபேர்ட்டில் பட்டியலைச் சரிபார்ப்பவர் கேட்பதற்கு முன்பே. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், பொங்கலையொட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பும் வரும். அதே ஏரிக்கு அந்த நாட்களிலும் போக முடிந்தால் உங்கள் எண்களை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிடலாம்.

பழவேற்காடு, கோடியக்கரை போன்ற உவர் பகுதிக்குப் போய்வந்திருந்தால் பைனாகுலரையும் முக்காலியையும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியில் மணல் இருக்கும்போது துணியால் தேய்க்கக் கூடாது. முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் துணி. முக்காலியின் கால் மூட்டுகளைத் திறந்து காயவைத்துவிட்டு மடக்குங்கள்.